ஈர நைட்டிக்கு அடியில் கொஞ்சம் கரம்பை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். ஐம்பத்தொரு வயதில், பேத்திக்குக் காதுகுத்தும் முடிந்த பிறகு, நான் திருட ஆரம்பித்திருக்கிறேன். நகை நட்டு திருடினாலாவது பேப்பரில் பெயர் வரும். நான் திருடுவது மண்.

நேரம்: மதியம் இரண்டரை, காலனி மொத்தமும் சாப்பிட்டுவிட்டு உருண்டு கிடக்கும் நேரம். ஆயுதம்: கைப்பிடி ஆடுகிற பழைய தோசைத் திருப்பி. வாகனம்: துணி துவைக்கிற நீல வாளி. வாளியில் முக்கால் பங்கு மண்ணை அள்ளி, மேலே ஈர நைட்டி ஒன்றைப் போட்டு மூடிவிட்டால், குழாயடியிலிருந்து மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகும் குடும்பப் பெண். ஒரே நைட்டியை இந்த வாரத்தில் ஐந்து முறை காயப்போட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் முன்னைவிட அழுக்காகக் காய்கிறது.

திருடாமல் என்ன செய்வது? மாடித்தோட்டம் போடலாம் என்று ஆன்லைனில் ‘செடி மண்’ வாங்கினேன். மூட்டையைப் பிரித்தால் தேங்காய் நார், உமி, ஒரு செருப்பு வார். நம் காலனியில் ஒரு கைப்பிடி மண் கிடையாது. வாசலில் சிமெண்ட், சுற்றிலும் டைல்ஸ், தெருவில் தார், தார் எட்டாத இடத்தில் பேவர் பிளாக். கோலம்கூட ஸ்டிக்கர். காலனியின் பெயர் கிரீன் லேக் வியூ அவென்யூ. மதுரையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, பைபாஸில் இறங்கி நடந்தால் எங்கள் வளைவு தெரியும். இங்கே கிரீன் இல்லை, லேக் இல்லை, வியூ என்றால் எதிர்வீட்டு செப்டிக் டேங்க் மூடி. அவென்யூ என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாததால் அது மட்டும் இருப்பதாக நம்புகிறோம்.

மிஞ்சியிருப்பது எங்கள் வீட்டுக்கு மேற்கே கிடக்கும் காலியிடம்தான். பதினேழாம் நம்பர் பிளாட். சொந்தக்காரர் சவுந்தரராஜன் சார்ஜாவில் இருக்கிறார். அவருக்கு அங்கே ஒரு பாலைவனமே இருக்கும்போது இங்கே நாலு வாளி குறைந்தால் தெரியவா போகிறது?

என் வீட்டுக்காரர் பாலதண்டாயுதம், காலனி நலச் சங்கச் செயலாளர். அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ‘செக்கர் சார்’ என்றுதான் கூப்பிடும். கூட்டத்தில் டிக்கெட் இல்லாதவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடிப்பாராம். நைட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் இதுவரை கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் இட்லி. மதியம் கருவாட்டுக் குழம்பு. சாயங்காலம் சண்டை.

சண்டைக்குக் காரணம் மழை. மழை இன்னும் வரவில்லை. ஐப்பசியில் வரப்போகிற மழைக்கு ஆவணிக்கு முன்பே சண்டை.

இந்தக் காலனியில் முதலில் வீடு கட்டியவர்கள் நாங்கள். பதினான்கு வருஷத்துக்கு முன்பு வாசலில் மூன்று படி ஏறி வீட்டுக்குள் வருவோம். கண்ணுக்கு எட்டியவரை ஆள் கிடையாது. மேஸ்திரி கயிறு பிடித்தபோது “பெரிய மனசு பண்ணுவோம்மா” என்று சமையல்கட்டைத் தாராளமாகவே இழுத்துக் கொடுத்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எதிர்வீட்டு ரஹ்மத் அக்கா எங்களைவிட இரண்டடி உயர்த்திக் கட்டினார். அவருக்கு அடுத்தவர் அவரைவிட ஓரடி. கடைசியாக வந்த இன்ஜினியர் மாரீஸ்வரன், ஆள் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி அதன் மேல் வீட்டை வைத்தார். அவர் வீட்டுக் கொலு எங்கள் மொட்டை மாடிக்கு நேர்மட்டம். லாரி லாரியாக வந்த சவுட்டு மண் எந்த ஊர்க் கண்மாயோ, யார் வயலின் மேல்தோலோ, யாரும் கேட்கவில்லை. இவர்கள் வீடு எவ்வளவு உயரமோ, எங்கோ ஓர் ஊர் அவ்வளவு பள்ளம்.

ரோடு போடுகிறவர்கள் வேறு, பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோட்டைப் போட்டுப் போட்டு, மூன்று படியும் உள்ளே போய்விட்டது. இப்போது நாங்கள் வீட்டுக்குள் ஏறுவதில்லை. இறங்குகிறோம். காலனியில் பெய்கிற மழைக்குப் போக வேறு இடமில்லாததால், அதுவும் எங்களோடு இறங்குகிறது. போன வருஷம் முழங்கால் அளவு. ஃபிரிட்ஜ் மிதந்தது. அதை நான் ஒரு பக்கமும் ரஹ்மத் அக்கா ஒரு பக்கமும் பிடித்து, தெப்பத் திருவிழா மாதிரி ஹாலைச் சுற்றி வந்தோம்.

“இந்த வருசமும் தண்ணி வாசப்படியத் தாண்டுச்சுன்னு வையி, தை பொறந்ததும் வித்துருவோம். புரோக்கர்ட்ட சொல்லிட்டேன்” என்றார் இவர்.

“வித்துட்டு?”

“பைபாஸ்ல அந்த அபார்ட்மென்ட்டு இருக்குல்ல, ஒம்பதாவது மாடி. அங்கிட்டு எந்தத் தண்ணி ஏறி வரும்?”

“குடிக்கிற தண்ணியே ஏறலையாம். தொட்டி வைக்கக் கூடாதாம். மண்ணு கொட்டுனா அபராதமாம்.”

“ஒனக்கு மண்ணு பெருசா, மனுசன் பெருசா?”

பதில் சொன்னால் சண்டை முடியாது என்று கருவாட்டுச் சட்டியைக் கழுவப் போய்விட்டேன். பதில் என்னவோ என்னிடம் இருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நைட்டி கிழிந்துவிட்டது. நாளை முதல் பெட்ஷீட்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று இரண்டு கண்டுபிடிப்புகள்.

ஒன்று: பதினேழாம் நம்பரில் ஒரு முழம் வரைக்கும் செங்கல் துண்டும் சரளையும் கலந்த மண்தான். அதற்கும் கீழே தோசைத் திருப்பி வழுக்கிக்கொண்டு போயிற்று. கறுப்பாக, எண்ணெய் தேய்த்த மாதிரி, பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்கிறது. கரம்பை! கண்மாய்க்கு அடியில் வருஷக்கணக்காகப் படிகிற வண்டல். உள்ளே நகத்தளவு நத்தை ஓடுகள் வேறு. லேக் வியூ என்று பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை. எங்களை லேக்கின் மேலேயே உட்கார வைத்துவிட்டான், அதனால்தான் வியூ தெரியவில்லை.

இரண்டு: நான் தனியாக இல்லை.

பெட்ஷீட்டை வாளிமேல் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே ரஹ்மத் அக்கா. அறுபது வயது. காலனியில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும்.

“என்ன மங்க, துணி காயப்போட கருவேலங்காட்டுக்கா வந்த?”

“காத்து நல்லா வருதுக்கா.”

“வரும் வரும். எங்க, பெட்சீட்ட எடு பாப்போம்.”

எடுத்தேன். பார்த்தார். வாளிக்குள் கையைவிட்டு ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“அடிப்பாவி, கரம்பை வரைக்கும் போய்ட்டியா? நான் இத்தன நாளா மேலாப்புலயே சொரண்டிக்கிட்டு இருக்கேன்!”

அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கூடையில், மல்லித்தழைக்கு அடியில், மண். காலையில் அவர் கடைக்குப் போய்வருவதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது இந்த மல்லித்தழையைப் பார்த்துத்தான்.

இருவரும் கையடித்துக்கொண்டோம். அவருக்குக் காலை, எனக்கு மதியம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கத்தரி, தக்காளி, கீரை. எல்லாத் தொட்டியையும் சமையல்கட்டுக்கு மேலே வரிசையாக வைத்திருக்கிறேன். வீட்டிலேயே அந்தத் தளம்தான் பலமானது என்று இவர் சொல்வார். கரம்பை போட்ட தொட்டியில் கீரை, திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி விறைப்பாக நிற்கிறது.

ஒரு சந்தேகம். பள்ளம் எங்கள் இரண்டு பேரின் திறமைக்கு மீறி வளர்கிறது. நான் அள்ளினால் குழி தோசைபோல இருக்கும். அக்கா அள்ளினால் கிண்ணம்போல. இப்போது ஒரு மூலையில் மட்டும் கரை செதுக்கி, நூல் பிடித்த மாதிரி சதுரமாக ஒரு வெட்டு. மூன்றாவது கை. அதுவும் படித்த கை.

“மாரீஸ்வரனாத்தான் இருக்கும், இன்ஜினியருல்ல?” என்றேன்.

“அவனா? அவன் ஷூ லேஸ் கட்டவே ஆள் தேடுவான்” என்றார் அக்கா.

இவர் இப்போதெல்லாம் விடிந்தும் விடியாமலும் வாக்கிங் போகிறார். வந்ததும் தன் ஷூவைத் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் கழுவியதில்லை. பென்ஷன் வாங்கினால் மனுஷன் திருந்துவான்போல. முதுகுவலி என்று தைலம் கேட்டார், தேய்த்துவிட்டேன்.

என் தையல் டப்பாவில் பட்டு ரவிக்கை நூல்கண்டைக் காணவில்லை. எலி இழுத்திருக்கும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சங்க வாட்ஸ்அப்பில் செயலாளர் போட்ட அறிவிப்பு: “பிளாட் எண் 17இல் அடையாளம் தெரியாத நபர்கள் மண் அள்ளுவது சங்கத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. பிடிபட்டால் சட்டப்படி நடவடிக்கை.” கீழே கைகூப்பிய படங்கள் குவிந்தன. முதல் கைகூப்பு ரஹ்மத் அக்கா. இரண்டாவது நான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

செயலாளர் அறிவிப்போடு நிற்கவில்லை. ‘மண் அள்ளாதீர்’ என்று தகரப் பலகை எழுதி, பள்ளத்தின் ஓரத்தில் தன் கையாலேயே குழி தோண்டி நட்டார். நான் பக்கத்தில் நின்று தண்ணீர்ப் பாட்டில் பிடித்தேன். மனைவி என்றால் அப்படித்தான்.

“எவனாச்சும் மாட்டட்டும், அப்பறம் இருக்கு” என்றார்.

“ஆளு யாருன்னு ஏதும் தெரிஞ்சுதாங்க?”

என்னை ஒரு பார்வை பார்த்தார். பஸ்ஸில் கடைசி சீட்டு வரை போய்த் திரும்பும்போது பார்க்கிற பார்வை. “தெரிஞ்சா சொல்ல மாட்டனா?” என்றார்.

பலகை நட்ட குழியிலிருந்து வெளியே வந்த மண் சின்னக் குவியலாக அங்கேயே கிடந்தது. நல்ல மண். சாயங்காலம் நான் போவதற்குள் யாரோ அள்ளிவிட்டார்கள். உலகத்தில் நேர்மையே இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று நடந்ததை நினைத்தால் எழுதுகிற கை சிரிக்கிறது.

காலனி அம்மனுக்குப் புரட்டாசிப் பொங்கல். இந்த வருஷம் முளைப்பாரி எடுப்பது என்று முடிவு. முளைப்பாரி என்றால் சட்டியில் மண் போட்டு, நவதானியம் விதைத்து, வெயில் படாமல் வளர்த்து, திருவிழா அன்று தலையில் சுமந்து போக வேண்டும். சட்டி கடையில் கிடைக்கும். தானியம் கிடைக்கும். மண்ணுக்கு எங்கே போவது? மாரீஸ்வரனின் மனைவி சுகந்தி, “நாரு போட்டு வளக்கலாம்ல?” என்று கேட்க, மற்றவர்கள் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று பதறிவிட்டார்கள்.

செயலாளர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். “சாமி காரியம். அதனால இன்னைக்கு ஒருநாள் மட்டும், ஆளுக்கு ஒரு சட்டி, பதினேழாம் நம்பர்ல எடுத்துக்கலாம். சவுந்தரராஜன்ட்ட நான் சொல்லிக்கிறேன்.”

பன்னிரண்டு பேர் கிளம்பினோம். காலியிடமோ பெரிது. முள்ளும் குப்பையும் புதருமாக, தெருவிலிருந்து பார்த்தால் பள்ளம் தெரியாது. நல்ல மண் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் வழிகாட்டலாம் என்று நான் முன்னால் போனேன்.

ஒருத்தியும் கேட்கவில்லை. பன்னிரண்டு பேரும் முள்ளுக்கு எங்கே குனிய வேண்டும், கல்லுக்கு எங்கே ஒதுங்க வேண்டும் என்று ஒருவர் பின் ஒருவராக, ஒரே தடத்தில் நேராகப் பள்ளத்துக்குப் போய் நின்றோம். சுகந்திகூடப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தன் வழக்கமான மூலையில் இறங்கிவிட்டாள். இறங்கிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தாள். எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம்.

முதலில் பேசியது ரஹ்மத் அக்காதான். “எனக்கு முளைப்பாரி இல்ல தாயி, சும்மா தொணைக்கு வந்தேன்” என்று சொல்லிக்கொண்டே கூடையை இறக்கினார்.

சிரித்தோம் பாருங்கள்! சுகந்தி பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். ரோஜாவுக்கு ஒருத்தி, கறிவேப்பிலைக்கு ஒருத்தி, மீன்தொட்டிக்கு ஒருத்தி. ஒருத்தி அடுப்பு பூச எடுத்தாளாம், வீட்டில் இருப்பதோ இண்டக்ஷன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் தெளியவில்லை. அந்தச் சதுர மூலையை யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

முளைப்பாரி ஊர்வலம். முளை ஒரு சாண் உயரம், மஞ்சள் வெளுப்பில் திமுதிமுவென்று. தலையில் சுமந்து கும்மியடித்தோம். எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. “யார் வச்ச மண்ணு, இப்பிடி வளந்திருக்கு!” என்று அடுத்த காலனிப் பெண்கள் கண் வைத்தார்கள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் கல்லாகிவிட்டது. புரோக்கர் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்து ஹாலை அளந்துவிட்டுப் போனார். போன வருஷத் தண்ணீர்க் கறை சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து உச்சுக்கொட்டினார். அந்தச் சுவரில்தான் எங்கள் மகளின் உயரத்தை வருஷா வருஷம் கோடு போட்டு வைத்திருக்கிறோம். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நவம்பர் 12, புதன்

வந்துவிட்டது.

விடியும்போது கதவைத் திறந்தால் தெருவே வாய்க்கால். அத்தனை வீட்டுக் கூரை நீரும், அத்தனை சிமெண்ட் வாசல் நீரும், உறிஞ்ச ஒரு சாண் மண் இல்லாமல், விலாசம் விசாரித்துக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்துகொண்டிருந்தது. நான் அரிசி டப்பாவை மேலே ஏற்ற ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டர் ஷெட்டில் தார்ப்பாயை விலக்குகிறார்.

தார்ப்பாய்க்கு அடியில் மூட்டைகள். சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பி, வாயைத் தைத்து, செங்கல் சுவர் மாதிரி வரிசையாக அடுக்கியிருந்தது.

“பாத்துக்கிட்டு நிக்காத, ஒரு கை புடி!”

பிடித்தேன். கேட்டுக்குக் குறுக்கே அடுக்க ஆரம்பித்தோம். மூன்றாவது மூட்டையில்தான் என் கண் தையலில் விழுந்தது. மெரூன் கலர் பட்டு நூல்.

“ஏங்க, இது என் ரவிக்க நூலு.”

“ம்.”

“மூட்ட தச்சது நீங்களா?”

“வேற யாரு, டைலரா?”

“மண்ணு ஏது?”

நிமிர்ந்தார். மூக்கு நுனியில் மழை சொட்டியது. “அத நீ கேக்கப்படாது. நானும் மாடிக்கு ஏறிப் பாக்கலைல?”

“தெரியுமா ஒங்களுக்கு?”

“மூணு மாசமா ஒரே பொம்பள ஒரே நைட்டிய, அது கிழிஞ்சதும் ஒரே பெட்சீட்டத் தொவைக்கிறா. முப்பது வருசம் செக்கரா இருந்தவன்டி நான்.”

அந்தச் சதுர மூலை! மழையில் நின்று சிரித்ததில் மூட்டையைக் காலில் போட்டுக்கொண்டேன்.

“வித்துட்டுப் போவோம்னீங்க. அப்பறம் எதுக்கு இத்தன மூட்ட?”

அடுத்த மூட்டையைத் தூக்கிக்கொண்டே, “ஒம்பதாவது மாடில எனக்குத் தல சுத்தும்” என்றார்.

மூட்டைச் சுவர் இடுப்பளவு வந்தது. தண்ணீர் அதன் காலடிக்கு வந்து முகர்ந்து பார்த்தது. பிறகு, எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, மேற்கே திரும்பிப் போக ஆரம்பித்தது. எங்கே போகிறது என்று குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். தெருவிலிருந்து காலியிடத்துக்குள் ஒரு தடம். காலையும் மதியமும் விடியலுமாக, காலனி மொத்தமும் வாளியும் கூடையுமாக நடந்து நடந்து முழங்கை ஆழத்துக்குத் தேய்த்து வைத்த தடம். தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு, முள்ளுக்குக் குனிந்து கல்லுக்கு ஒதுங்கி, எங்களைப் போலவே நேராகப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

எதிர் மாடியிலிருந்து ரஹ்மத் அக்கா காலனிக்கே கேட்கக் கத்தினார். “ஏ மங்க! தண்ணி நம்ம தடத்துலயே போகுதுடி!”

நம்ம தடம் என்றால் யார் தடம் என்று ஒரு வீட்டிலிருந்தும் ஒருவரும் கேட்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

வாசப்படி காய்ந்து கிடக்கிறது. வெங்காய பஜ்ஜி போட்டேன். புரோக்கர் போன் செய்தார். இவர் எடுத்து, தன் சொந்தக் குரலிலேயே “ராங் நம்பர்” என்று சொல்லி வைத்துவிட்டு இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 30, ஞாயிறு

பள்ளம் இப்போது பள்ளம் இல்லை. தளும்பாமல் நிற்கிறது. கூடவே மெதுவாகக் கீழேயும் போகிறது. ரஹ்மத் அக்கா வீட்டு போர்வெல்லில் கோடையில் காற்று மட்டும்தான் வந்தது, இப்போது மோட்டார் போட்டால் பக்கெட் நிரம்புகிறது. சாயங்காலமானால் தவளைகள் சங்கக் கூட்டம்போல ஒரே நேரத்தில் பேசுகின்றன. ஒரு கொக்கு வந்து ‘மண் அள்ளாதீர்’ பலகைமேல் உட்கார்ந்திருக்கிறது. காலனியில் அதற்குக் கீழ்ப்படிகிற ஒரே ஜீவன்.

முதல் கத்தரிக்காய் பறித்தேன். எண்ணெய்க் கத்தரிக்காய். இவர் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார். ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “மண்ணு நல்ல மண்ணு” என்றார்.

டிசம்பர் 14, ஞாயிறு

சவுந்தரராஜன் சார்ஜாவிலிருந்து வந்துவிட்டார். முன்னறிவிப்பு இல்லை. பள்ளத்தின் கரையில் வெள்ளை ஷூவோடு நின்றுகொண்டிருந்தார்.

“என் பிளாட் எங்க சார்?”

“தண்ணிக்குள்ள இருக்கு தம்பி, பத்திரமாத்தான் இருக்கு” என்றார் ரஹ்மத் அக்கா.

“இவ்வளவு பெரிய பள்ளம்! யார் தோண்டுனது?”

காலனி மொத்தமும் வானத்தைப் பார்த்தது. மாரீஸ்வரன்தான் வாயைத் திறந்தார். “மழைல கரைஞ்சிருக்கும் சார்.”

“சதுரமாவா கரையும்?”

இவருக்கு இருமல் வந்தது.

சவுந்தரராஜன் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். வருகிற வாரம் லாரி லாரியாகச் சவுட்டு மண் இறக்கி, காலனியிலேயே உயரமாக மேடாக்கி வீடு கட்டப்போகிறார். அவர் மேடானால் அடுத்த ஐப்பசிக்குத் தண்ணீர் மறுபடி எங்கள் விலாசத்தைத்தான் விசாரிக்கும். அப்போது வீட்டை விற்றாக வேண்டும். மூட்டை எத்தனை வருஷம் தாங்கும்?

இவர் நிதானமாகச் சொன்னார், பஸ்ஸில் அவசரமில்லாமல் டிக்கெட் கேட்கிற அதே குரலில். “தாராளமா ரொப்புங்க சார். ஆனா மொதல்ல அளந்துக்கங்க. ஒங்க மண்ணு ஒரு கூட பக்கத்து எடத்துல விழுந்துச்சுன்னா, நாளைக்கு ஒங்களுக்குத்தான வம்பு?”

உள்ளே வந்ததும் கேட்டேன். “அளந்தா என்னங்க ஆகும்?”

“என்னத்த ஆகும், ஒரு வாரம் தள்ளிப் போகும். அதுக்குள்ள ஏதாச்சும் தோணும்.”

டிசம்பர் 21, ஞாயிறு

ஒரு வாரமாகியும் ஒன்றும் தோணவில்லை. நான் தொட்டி தொட்டியாகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். இவர் அந்த உயரக் கோட்டுச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 22, திங்கள்

சர்வேயர் வந்தார். மூக்குக்கண்ணாடியும் முக்காலியில் ஒரு மெஷினும். காலனியின் பழைய வரைபடத்தை விரித்து வைத்து, அளந்தார், குச்சி நட்டார், மறுபடி அளந்தார். பிறகு சவுந்தரராஜனைக் கூப்பிட்டு, “சார், நீங்க நிக்கிறது ஒங்க எடமே இல்ல” என்றார்.

காலியிடம் என்று நாங்கள் நினைத்தது இரண்டு துண்டாம். பள்ளத்துக்கும் அந்தப் பக்கம், காலனியே குப்பை கொட்டுகிற மேட்டுத் துண்டுதான் பதினேழாம் நம்பர். எங்கள் வீட்டை ஒட்டிய துண்டு, வரைபடத்தில் பச்சைக் கட்டம் போட்டு ‘பூங்கா’ என்று எழுதியிருக்கிறது. பொது இடம். யாரும் கட்டவும் முடியாது, ரொப்பவும் முடியாது. பதினான்கு வருஷமாக எங்களுக்கு ஒரு பூங்கா இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை!

சவுந்தரராஜன் தன் மேட்டில் ஏறி நின்று சுற்றிப் பார்த்தார். குப்பை நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தியிருந்தவர், கையை மெதுவாக எடுத்தார். எதிரே தண்ணீர், தண்ணீருக்கு மேல் கொக்கு. “அப்ப என் பிளாட்டுதான் சார் ஒரிஜினல் லேக் வியூ!” என்றார். மேடாக்குகிற பேச்சையே விட்டுவிட்டார். ஜன்னல் எந்தப் பக்கம் வைப்பது என்று மாரீஸ்வரனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

காலனிக்கே கல்யாணக் களை. சுகந்தி கேசரி கிண்டினாள். சங்கம் அவசரமாகக் கூடி, பள்ளத்துக்கு ‘மழைநீர் சேகரிப்புக் குளம்’ என்று பெயர் வைத்தது. திட்டத்தை ஆரம்பித்த பெருமை யாருக்கு என்று கேள்வி வந்தபோது ரஹ்மத் அக்கா என்னை முன்னால் தள்ளிவிட்டார். நானும் பேசினேன். கூச்சமே இல்லாமல் பேசினேன். மண்ணை மூடாதீர்கள் என்றேன். போட்டி போட்டு மேடாக்காதீர்கள் என்றேன். கடைசியில் குரலை உயர்த்தி, பொது இடத்தை யாரும் ஓரங்குலம்கூட வளைத்துப் போடக் கூடாது என்றேன். கைத்தட்டல் பலமாக இருந்தது. சர்வேயரும் தட்டினார், என்னையே பார்த்துக்கொண்டு.

டிசம்பர் 23, செவ்வாய்

காலையில் பாத்திரம் துலக்கப் போனபோது பார்த்தேன். சர்வேயரின் கடைசிக் குச்சி, எங்கள் ஹால் சுவரை ஒட்டி, சமையல்கட்டுக்கு இந்தப் பக்கம் நடப்பட்டிருக்கிறது. இவரிடம் கேட்டேன். நேற்றே தெரியுமாம். அன்றைக்கு மேஸ்திரி பெரிய மனசு பண்ணி இழுத்தது பூங்காவுக்குள்.

ஆக, சமையல்கட்டு பூங்கா. சமையல்கட்டுக்கு மேலேதான் என் தொட்டிகள் எல்லாம். ஐந்து மாதமாக நான் திருடிய மண் பூங்காவை விட்டு வெளியே போகவே இல்லை. ஒரு மாடி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.